பசுமை உலோகமும் புனேயின் குப்பைக் கூடைகளும்

2022 மார்ச் 6 அன்று புனே மெட்ரோ ஓடத் தொடங்கியபோது அதன் அலுமினியப் பெட்டிகள் பெருமிதத்துடன் பேசப்பட்டன. எடை குறைவு, ஆகவே மின்செலவும் குறைவு. சாக்கன் தொழிற்பகுதியில் உருவாகும் மின்சாரக் கார்களின் பேட்டரிப் பெட்டகங்களுக்கும் இதே நியாயம் கூறப்படுகிறது. அலுமினியம் 'பசுமை உலோகம்' என்ற விளம்பரத்தில் உண்மை இல்லாமலில்லை. அது பாதி உண்மை.

மறுபாதி உருக்காலையில் இருக்கிறது. ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் நான்கு டன் பாக்சைட் தோண்ட வேண்டும். அதிலிருந்து பெறப்படும் அலுமினாவை மின்பகுப்புச் செய்ய ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். நார்வேயிலும் கனடாவிலும் அது பெரும்பாலும் நீர்மின்சாரம். இந்தியாவிலோ ஆலைகளின் சொந்த அனல்மின் நிலையங்கள் நிலக்கரியை எரிக்கின்றன. மேட்டூர் ஆலைக்காகச் சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் தோண்டப்பட்டதைத் தமிழ்நாட்டுத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒடிசாவின் நியாம்கிரியில், உச்ச நீதிமன்றத்தின் 2013 ஏப்ரல் 18 தீர்ப்பையடுத்துக் கூடிய 12 கிராம சபைகளும் வேதாந்தாவின் சுரங்கத் திட்டத்தை நிராகரித்தன. டோங்ரியா கோந்த் மக்கள் காத்த அந்த மலைக்கு எந்தக் கார்பன் சந்தையும் விலை எழுதவில்லை.

ஆனால், பழைய அலுமினியத்தை மீண்டும் உருக்குவதற்கு, புதிதாக உருவாக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே போதும். இந்த உலோகத்தின் உண்மையான பசுமை இங்கேதான் இருக்கிறது. பானக் குவளையும் நசுங்கிய பாத்திரமும் சன்னல் சட்டமும் தாமாக நடந்து உலைக்குப் போவதில்லை. புனேயில் அவற்றைப் பொறுக்கியெடுத்துத் தரம் பிரிப்பவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். 1993இல் காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்து என்ற சங்கமாக அவர்கள் திரண்டனர். மாநகராட்சியின் அங்கீகாரத்துடன் அடையாள அட்டை பெற்றனர். 2008இல் 'ஸ்வச்' கூட்டுறவின் வழியே வீடுவீடாகக் குப்பை சேகரிக்கும் ஒப்பந்தத்தையும் பெற்றனர். வீடுகள் தரும் மாதக் கட்டணமும், பிரித்தெடுத்த பொருளை விற்கும் உரிமையுமே அவர்களது வருமானம். தனியார் ஒப்பந்ததாரரின் வண்டி வந்தால் முதலில் பறிபோவது இரண்டாவது உரிமைதான். கூடையில் விலைமதிப்புள்ள பொருள்களுள் ஒன்று அலுமினியம்.

இந்தப் பின்னணியில்தான், இரும்பல்லாத உலோகங்களுக்கான உற்பத்தியாளர் பொறுப்பு விதிகளை 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்துவதென ஒன்றிய அரசு அறிவித்தது. மறுசுழற்சி செய்யும் பதிவுபெற்ற ஆலைக்குச் சான்றிதழ். அதை விலைகொடுத்து வாங்கும் நிறுவனத்துக்குக் கடமை நிறைவேறிய கணக்கு. கொள்கையளவில் இதை எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் உலோகத்தைக் குப்பையிலிருந்து மீட்டவருக்கு அந்த விலையில் ஒரு காசுகூடத் தானாக வந்து சேராது. மறுபுறம், இறக்குமதியாகும் பழைய அலுமினியத்தின் மீதான வரியை உயர்த்துமாறு பெரும் உருக்காலைகளின் சங்கம் பட்ஜெட் காலங்களில் கோரிவருகிறது. பசுமை பேசுவோருக்குப் பழைய உலோகம் போட்டியாளனாகத் தெரிவது வேடிக்கை! இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்கும் உடன்பாடுண்டு. அதற்கு வழி, உள்நாட்டுச் சேகரிப்பை வலுப்படுத்துவது. அதாவது சேகரிப்பவரின் கூலியை உயர்த்துவது.

ஆகவே சான்றிதழ் விற்பனையில் சட்டபூர்வமான ஒரு பங்கு சேகரிப்போரின் கூட்டுறவுகளுக்கு நேரடியாகச் செல்ல வேண்டும். பிரித்தெடுத்த பொருளின் மீதான அவர்களது உரிமை மாநகராட்சி ஒப்பந்தத்தில் எழுத்துபூர்வமாக இடம்பெற வேண்டும். புனேயிலும், தூய்மைப் பணி தனியாருக்குக் கைமாற்றப்பட்டுவரும் சென்னையிலும் நமது தொழிற்சங்கத் தோழர்கள் இவ்விரு கோரிக்கைகளையும் மாநகராட்சி வாயில்களுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.