சம்பந்தி வீட்டுச் சமாசாரம்

திருச்சி, ஸ்ரீரங்கம் சகோதரிகளே! ஆடிப் பெருக்கன்று கட்டுச்சாத மூட்டையுடன் முக்கொம்புக்குப் போயிருப்பீர்கள். "இங்கே என்னம்மா விசேஷம்?" என்று குழந்தை கேட்டால், "பூங்கா இருக்கிறதே!" என்று சொல்லியிருப்பீர்கள். விசேஷம் அதுவல்ல. காவேரிக்குத் தெலுங்கு தேசத்தில் ஒரு சம்பந்தி உண்டு. அந்தச் சம்பந்தம் தொடங்கிய இடம் முக்கொம்புதான்.

ஒரு காலத்தில், பள்ளமான கொள்ளிடம் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டது. காவேரி மணல்மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. ஆர்தர் காட்டன் என்ற இங்கிலீஷ் எஞ்சினீயர் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே இங்கே அணை கட்டினார். ஆழம் காணாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை, கல்லணை கட்டிய நம் முன்னோரிடம் கற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். பிறகு 1847-ல் தொடங்கி 1852-க்குள், ராஜமகேந்திரவரத்தை அடுத்த தவளேஸ்வரத்தில் கோதாவரிக்கும் அணை எழுப்பினார். பஞ்சம் பார்த்த பூமி நெற்களஞ்சியமாயிற்று. இரண்டு இடத்திலும் இன்று நிற்பவை புது அணைகள். தவளேஸ்வரத்து அணைக்குக் காட்டனின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அதற்குக் கீழே கோதாவரி, கௌதமி என்றும் வசிஷ்டை என்றும் பிரிகிறது. இரு கிளைகளுக்கும் கடலுக்கும் நடுவே கோனசீமா. நம் ஸ்ரீரங்கம் மாதிரி நீர் சூழ்ந்த பூமி. ஆனால் எத்தனையோ மடங்கு பெரிது! 2022-ல் தனி ஜில்லாவாயிற்று, தலைநகர் அமலாபுரம். எங்கு திரும்பினாலும் தென்னை, வாழை, நெல். வசிஷ்டை கடலில் கலக்கும் அந்தர்வேதியில் லக்ஷ்மி நரசிம்மர் கோயில்.

அங்கே ஆத்ரேயபுரத்துப் பெண்களின் கைவண்ணத்தைப் பார்க்க வேண்டும். கவிழ்த்த பானையைச் சூடாக்கி, நீர்க்கக் கரைத்த அரிசிமாவில் துணியைத் தோய்த்து, பானைமேல் ஒரே இழுப்பு! காகிதம் போல ஏடு வந்துவிடும். நெய் தடவி, சர்க்கரைப் பொடி தூவி மடித்தால் 'பூதரேகுலு'. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சம்பந்தி வீட்டில் எல்லாம் சௌக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். 2011-ல் கோனசீமா விவசாயிகள், போட்ட முதல்கூடத் திரும்பவில்லை என்று, ஒரு போகம் நடவே செய்யாமல் 'பயிர் விடுமுறை' விட்டார்கள். ஆபீசுக்கு லீவு தெரியும். வயலுக்கு லீவு கேள்விப்பட்டதுண்டா? அணை தண்ணீர் கொடுக்கும். நெல்லுக்கு விலை கொடுக்குமா? காவேரிக் கரையில் வாழும் நமக்கு அந்தக் கஷ்டம் புரியாமலா போகும்?

அடுத்த ஆடிப் பெருக்கில் குழந்தை மறுபடியும் கேட்கும். பூங்காவைக் காட்டுமுன், இந்தச் சம்பந்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.