புகாரை விலை பேசாத ஒப்பந்தம்

பெங்களூரு பிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டில் நோன்பு மாத மாலைகளில் வண்டி நகர்வதே பெரும்பாடு. அந்த நெரிசலில் ஒரு காரின் கதவு நசுங்கினால், உரிமையாளர் சொந்தப் பாலிசியில் கை வைக்கத் தயங்குகிறார். ஐந்தாண்டு சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமே என்ற கவலை. இடித்தவர் தவணையில் தருவதாக எழுதிக் கையெழுத்திடுகிறார். இரண்டு தவணைக்குப் பிறகு போனை எடுப்பதில்லை. அந்தத் தாள் அப்போதுதான் வக்கீல்களான நம் மேசைக்கு வருகிறது.

அதில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: பணம் தந்தால் போலீசில் புகார் இல்லை. எழுதியவர் அதைத்தான் தன் பிடி என்று நம்புகிறார். ஒப்பந்தத்தைக் கவிழ்ப்பதும் அந்த வரிதான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவின் (எச்) எடுத்துக்காட்டை எடுத்துப் பாருங்கள். கொள்ளை வழக்கைக் கைவிடுகிறேன் என்கிறார் ஒருவர். எடுத்ததன் மதிப்பைத் தருகிறேன் என்கிறார் மற்றவர். அந்த உடன்பாடு செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா 281ஆம் பிரிவின் கீழ் வரும் கண்மூடித்தனமான ஓட்டுதல் ராஜியாகும் குற்றமும் அல்ல. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இவ்வளவு போதும். காவல் நிலையத்தில் உட்கார்ந்து எழுதிய தாளாக இருந்தால், மிரட்டி வாங்கினார்கள் என்ற வாதமும் கூடவே வரும்.

ஒப்பந்தம் விழுந்தால் மூல இழப்பீட்டைக் கேட்கலாமே என்று ஆறுதல் கொள்ள முடியாது. மூன்றாம் நபரின் சொத்துச் சேதமும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தின் வரம்பில் வருகிறது. அங்கே உரிமையியல் நீதிமன்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 175ஆம் பிரிவு தடை போடுகிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள அதே சட்டத்தின் 166(3) பிரிவு, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது என்றாலும், அதை நம்பிக் கட்சிக்காரரைக் காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை. எட்டு மாதத் தவணை எழுதித் தருபவர் தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கெடுவைக் கடத்திவிடுகிறார்.

ஆகவே தாள் தன் காலிலேயே நிற்க வேண்டும். விபத்தின் நாள், இடம், வண்டி எண்கள், பணிமனை மதிப்பீடு எல்லாம் இருக்கட்டும். சேதத்துக்கான உரிமையியல் கோரிக்கையைத் தொடராமல் இருப்பதே பிரதிபலன் என்று தெளிவாக எழுதுங்கள். புகாரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். தொகையும் தவணை நாளும் திட்டவட்டமாக இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 37ஆம் கட்டளையின் கீழ்ச் சுருக்க வழக்கே போடலாம். வாட்ஸ்அப் செய்திகளை நம்புவதானால் பாரதிய சாக்‌ஷிய அதினியம் 63ஆம் பிரிவுச் சான்றிதழை மறக்காதீர்கள்.

காசோலை வாங்கினால் தவணைக்கு ஒன்றாக வாங்குங்கள். தசரத்பாய் படேல் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே நேரடியாகப் பொருந்தும்: பகுதித் தொகை வந்த பிறகு, அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்குச் செலுத்தித் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்கு நிற்காது.

எதிர்த்தரப்பு இணங்கியிருக்கும் முதல் வாரத்திலேயே இருவரையும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு அழைத்துச் செல்வதே நாம் பரிந்துரைக்கும் வழி. வழக்குக்கு முந்தைய நிலையிலும் லோக் அதாலத் உடன்பாட்டைப் பதிவு செய்யும். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 21ஆம் பிரிவின்படி அது மேல்முறையீடு இல்லாத தீர்ப்பாணை. தவணை தவறினால் நேரே நிறைவேற்று மனுவுக்குப் போகலாம்.