உடல் இளைக்க மருந்தா? உயிர் பறிக்க நஞ்சா?



அணுபுரம் டவுன்ஷிப் வாயிலிலும் சதுரங்கப்பட்டினம் பக்கத்து பஸ் நிறுத்தங்களிலும் விடியற்காலையில் நிற்கும் நம் பெண்களைப் பாருங்கள். ஒருத்தி வீட்டு வேலைக்குப் போகிறாள். ஒருத்தி களையெடுக்கப் போகிறாள். இன்னொருத்தி இரவு ஷிப்டு முடித்துத் திரும்புகிறாள். கையில் செல்போன். அந்தப் போனுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு வியாபாரி கூவுகிறான்: "பதினைந்தே நாளில் பத்துக் கிலோ குறையும்! அத்தனையும் மூலிகை! பொட்டலம் வீடு தேடி வரும்!"

பொட்டலம் வருகிறது. அதைச் செய்தவன் யார்? எந்த ஊர்? லைசென்ஸ் எண் உண்டா? உள்ளே இருப்பது என்ன? ஒன்றுக்கும் பதில் இல்லை. பணம் போன வழி மட்டும் தெளிவாகத் தெரிகிறது!

2026 ஜனவரியில் மதுரையில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி, வெங்காரம் கொழுப்பைக் கரைக்கும் என்று யூடியூபில் பார்த்து, நாட்டு மருந்துக் கடையில் வாங்கி உண்டாள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு மாண்டுபோனாள். உடனே சில கனவான்கள், "அழகுக்கு ஆசைப்பட்டாள், அனுபவித்தாள்" என்கிறார்கள். என்ன கல்நெஞ்சம் இது! ரேஷன் அரிசிச் சோற்றைத் தவிர காய்கறியும் பருப்பும் வாங்க வழியில்லாத கூலி. உறக்கத்தைக் கெடுக்கும் இரவு ஷிப்டு. இவற்றால் ஊதும் உடம்பைச் சினிமாவிலும் விளம்பரத்திலும் கேலி செய்கிறான். அந்தக் கேலிக்கு மருந்தென்று சொல்லி நஞ்சையும் அவனே விற்கிறான். குற்றவாளி வாங்கியவளா, விற்றவனா?

இந்த வியாபாரத்தின் பிறப்பு ரகசியத்தை ஆலைத் தொழிலாளர்கள் அறிந்துகொள்ள வேண்டும். முதல் உலக யுத்தத்தின்போது பிரான்சு நாட்டு வெடிமருந்துச் சாலைகளில் டைனைட்ரோபினால் என்னும் மஞ்சள் தூளைக் கையாண்ட தொழிலாளிகள் வியர்த்துக் கொட்டினார்கள், காய்ச்சல் கண்டார்கள், உடல் மெலிந்தார்கள், பலர் செத்தார்கள். அந்தச் சாவிலிருந்து முதலாளி உலகம் கற்ற பாடம் என்ன தெரியுமா? "ஆகா, இது உடலை இளைக்கச் செய்கிறதே!" 1933இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக டாக்டர்கள் இதைக் கொடுத்து எடை குறைவதாக எழுதியதும் கம்பெனிகள் புகுந்தன. லட்சம் பேருக்கு மேல் விழுங்கினார்கள். கண்ணில் புரை விழுந்து பார்வை போனவர்கள் உண்டு; உயிர் போனவர்களும் உண்டு. 1938இல் புதுச் சட்டம் வந்த பிறகே அங்கே அந்த வியாபாரம் அடங்கியது.

அது உடம்புக்குள் செய்யும் வேலை இதுதான். பாய்லர் எரிகிறது, ஆனால் பெல்ட் கழன்றுவிட்டது. சக்கரம் சுற்றவில்லை, சூடு மட்டும் ஏறுகிறது. தின்ற சோறெல்லாம் இப்படிச் சூடாகவே தீர்ந்துபோகிறது. அளவு சற்று மிஞ்சினால் உடலின் கொதிப்பு ஏறிக்கொண்டே போகும். இதற்கு மாற்று மருந்து கிடையாது.

அந்தப் பிசாசு இன்று இன்டர்நெட் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. 2015இல் இங்கிலாந்தில் 21 வயது மாணவி ஒருத்தி இதைத் தின்று இறந்தாள். விற்ற ஆசாமி சீனாவிலிருந்து பீப்பாய்களில் வரவழைத்து, லண்டனில் ஒரு வீட்டில் வைத்துக் குளிகைகளில் அடைத்து விற்றவன். 2020இல் அவனுக்கு 7 ஆண்டுச் சிறை கிடைத்தது.

"மூலிகை" என்று எழுதியிருந்தால் போதுமா? மாரடைப்பும் பக்கவாதமும் வருவிக்கிறது என்று 2010இல் மேல்நாடுகள் கைவிட்ட, 2011இல் இந்தியாவும் தடை செய்த சிபுட்ரமின் என்னும் சரக்கை, மூலிகைப் பொடி என்று விற்கப்பட்டவற்றில் அமெரிக்கப் பரிசோதனைச் சாலைகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன.

இப்போது ஊசி வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் இந்தியாவில் இறங்கியபோது மவுஞ்சாரோ ஊசி மருந்தின் மிகச் சிறிய அளவு, ஒரு வாரத்துக்கு, 3,500 ரூபாயாக இருந்தது! 2025-26இல் நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். பத்து நாள் முதுகு ஒடிந்தாலும் அந்த விலையில் ஓர் ஊசிக்குக் காணாது. அசலை எட்டாத உயரத்தில் வைத்தால் போலிக்குக் கடை திறந்தாயிற்று என்று அர்த்தம். 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில் போலி ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். உள்ளே இன்சுலின் இருந்திருக்கக்கூடும் என்று அந்நாட்டு சர்க்கார் எச்சரித்தது. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி ஓசெம்பிக் பற்றி எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை விட்டது.

"லைசென்ஸ் உள்ள கம்பெனிச் சரக்கு என்றால் பயமில்லையே?" என்று கேட்பீர்கள். சுங்குவார்சத்திரம் நமக்கு எத்தனை தூரம்? அங்கே லைசென்ஸோடு நடந்த ஸ்ரீசன் பார்மா செய்த கோல்ட்ரிப் இருமல் மருந்தில், 0.1 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவிகிதம் இருந்தது! பெயிண்டுக்கும் பிரேக் எண்ணெய்க்கும் போகிற சரக்கு அது. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தார்கள். அதன் பிறகுதான் அதிகாரிகள் உள்ளே போய் முந்நூறுக்கு மேல் குறைகளை எண்ணினார்கள். பிணம் விழுந்தபின் எண்ண வந்தவர்கள் அதற்கு முன் எங்கே போயிருந்தார்கள்? கதவும் பலகையும் உள்ள தொழிற்சாலையின் லட்சணமே இது என்றால், விலாசமே இல்லாத பொட்டலத்தை யார் சோதிப்பது?

மத்திய சர்க்கார் ஆன்லைன் மருந்து விற்பனைக்கு 2018 ஆகஸ்டில் நகல் விதி வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி ஹைகோர்ட்டு, லைசென்ஸ் இல்லாத ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட்டது. 2025 முடியும்வரை அந்த விதி நகலாகவே கிடந்தது. தொழிலாளர் சட்டத்தைத் திருத்த மட்டும் இவர்களுக்கு எத்தனை வேகம்!

நம் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26வது பிரிவின்படி, வாங்கிய மருந்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். அவர் கையெழுத்திட்ட அறிக்கை தந்தாக வேண்டும். ஒருத்தியாகப் போனால் அலைக்கழிப்பார்கள். சங்கமாகப் போவோம். தங்கைமார்களே, வாங்கிய பொட்டலத்தை வெட்கப்பட்டு ஒளித்து வைக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். உறையோடும் பணம் கட்டிய ரசீதோடும் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். கட்டணத்தைச் சங்கம் கட்டட்டும்.