சொந்தக் குரலுக்கும் பூட்டு
சோனி 1992-இல் கொண்டுவந்த மினிடிஸ்க்கில் ஒலி, அட்ராக் என்ற அந்நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் பதிவாகும். 2001-இல் வந்த நெட்எம்டி கருவிகள் கணினியிலிருந்து பாட்டை வாங்கிக்கொண்டன. ஆனால் ஒருவர் மைக் வைத்துத் தாமே பதிந்த பேட்டியைக் கணினிக்குத் திருப்பித் தரவில்லை. திருட்டைத் தடுக்கும் பூட்டு என்பார்கள். சொந்தப் பேட்டியை யார் திருடுவது? பழைய வட்டுகளையும் கணினிக்கு ஏற்றும் வசதி 2006-இல்தான், எம்இசட்-ஆர்ஹெச்1 கருவியோடு வந்தது. அதுபோன்ற கருவிகள் ஓடும்போதே பதிவுகளைக் கணினிக்கு ஏற்றி வேறு வடிவத்துக்கு மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். தரம் குறையுமே என்ற அச்சம் எம்பி3-க்குப் பொருந்தும். ஏற்கெனவே சுருக்கியதை அது மறுபடி சுருக்குகிறது. வேவ், ஃபிளாக் வடிவங்களில் விரித்து வைத்தால் புதிதாக எதுவும் இழக்காது; கோப்பு பெருக்கும், அவ்வளவுதான். மூல அட்ராக் கோப்பை மட்டும் அழிக்க வேண்டாம். நாளை இன்னும் நல்ல மென்பொருள் வரலாம்.