தட்டிப் பார்த்தால் போதுமா?

டைல்ஸ் கடைக்குப் போகிறவர் என்ன செய்கிறார்? ஒரு கல்லைக் கையில் எடுக்கிறார். விரல் முட்டியால் 'டங்' என்று தட்டுகிறார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு. போடுங்க அண்ணாச்சி!" என்கிறார். அவ்வளவுதான், பில் போட்டாயிற்று.

மூன்று மாதம் கழித்து வீட்டில் பீரோவை நகர்த்துகிறார்கள். 'படக்' என்று ஒரு சத்தம். தரையில் குறுக்கே ஒரு கோடு!

"கல்லு சரியில்லை" என்கிறார் மேஸ்திரி. "போட்டது சரியில்லை" என்கிறார் கடைக்காரர். நடுவில் நின்று முழிப்பவர், கடன் வாங்கி வீடு கட்டியவர்.

யார் சொல்வது உண்மை? அதைக் காட்டிக் கொடுக்க ஒரு சோதனை இருக்கிறது. சோதனைக்கூடத்தில் இரண்டு உருளைக் கம்பிகள் மீது கல்லைப் படுக்க வைப்பார்கள். மேலே நட்டநடுவில் மூன்றாவது கம்பியை வைத்து, சீராக அழுத்திக்கொண்டே போவார்கள். கல் 'டப்' என்று இரண்டாகும். எத்தனை பாரத்தில் உடைந்தது என்பதுதான் கணக்கு. ஒரு கல்லோடு விடுவதில்லை; பல கற்களை உடைத்துச் சராசரி எடுப்பார்கள்.

ஏன் இப்படி வளைத்துப் பார்க்க வேண்டும்? பீங்கானும் கண்ணாடியும் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. வளைக்கும்போது மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால் போதும், அங்கிருந்து பிளக்கும். இரும்பு வளைந்து முன்கூட்டியே எச்சரிக்கை தரும். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் அந்த நல்ல குணம் கிடையாது. இந்தக் கீறல் ரகசியத்தை இங்கிலாந்துக்காரர் கிரிஃபித் 1921-லேயே எழுதி வைத்துவிட்டார்.

தரைக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று

உலகத் தர விதி சொல்லும் கணக்கைக் கேளுங்கள். தண்ணீரை அரை சதவீதத்துக்கு மேல் குடிக்காத விட்ரிஃபைடு வகைக் கல், ஏழரை மில்லிமீட்டர் கனமோ அதற்கு மேலோ இருந்தால், 1,300 நியூட்டன் தாங்க வேண்டும். சதுரக் கல்லுக்கு இது ஏறக்குறைய 130 கிலோ பாரம். தண்ணீரைப் பத்து சதவீதத்துக்கு மேல் குடிக்கும் சுவர்க் கல்லுக்கு, அதே கனத்தில் 600 நியூட்டன் போதும். அதைவிட மெல்லியது என்றால் 200 போதும். 400-க்குக் கீழே இருந்தால் 'சுவருக்கு மட்டும்' என்று கம்பெனியே குறிப்பிட வேண்டும்.

பளபளப்பில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். "விலை கம்மி, தரைக்கும் போடலாம் சார்" என்று தலையில் கட்டுவது இங்கேதான் நடக்கிறது!

மேஸ்திரியும் தப்பிக்க முடியாது. நாலு மூலையில் கலவையை உருண்டையாக வைத்து, நடுவில் பொந்து விட்டுக் கல்லை ஒட்டுகிறவர்கள் உண்டு. சோதனைக்கூடத்து எந்திரத்தை வீட்டுக்குள்ளேயே கட்டிக் கொடுப்பதற்குச் சமம் இது. அடி முழுக்கக் கலவை பிடித்த கல்லுக்கு வளைய இடமே இல்லை. பொந்து மேல் உட்கார்ந்த கல், பீரோ கால் பட்ட அன்றைக்கு உடையும்.

கண்ணாடிக் கதவு

கல் உடைந்தால் பணம் போகும். கண்ணாடி உடைந்தால் உயிரே போகலாம்.

இன்று ஜவுளிக்கடை, பாங்கு, மருந்துக்கடை எங்கும் கண்ணாடிக் கதவு. 12 மில்லிமீட்டர் கனத்தில் 7 அடிக்கு 3 அடி கதவு என்றால், எடை சுமார் 58 கிலோ. சாதாரணக் கண்ணாடியின் வளைவு பலம் சதுர மில்லிமீட்டருக்கு 45 நியூட்டன் என்பது ஐரோப்பியத் தரக் கணக்கு. டஃபன் செய்த கண்ணாடிக்கு 120. அறுநூறு டிகிரிக்கு மேல் காய்ச்சி, குளிர்ந்த காற்றைச் சட்டென்று அடித்துச் செய்வது அது. மேல்பரப்பு எப்போதும் இறுகிய நிலையில் இருப்பதால் கீறல் எளிதில் வாய் திறக்காது. மீறி உடைந்தாலும் கல்கண்டு போல உதிரும். சாதாரணக் கண்ணாடியோ கத்தி கத்தியாக விழும். கதவு திறக்க வரும் பையனின் கழுத்து உயரத்தில்!

வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய். அதை மிச்சம் பிடிக்கும் முதலாளி, வாடிக்கையாளரின் உயிரைப் பணயம் வைக்கிறார்.

செய்ய வேண்டியது என்ன?

இந்தியத் தரக் கழகம் டைல்ஸுக்கு ஐ.எஸ். 15622, பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐ.எஸ். 2553 என்று தர விதிகள் வைத்திருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலும் கீழும் உள்ள எண்களைப் பார்க்க வேண்டும். உரிம எண் அசலா, போலியா என்பதைக் கழகத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பார்க்கலாம். தட்ட வேண்டியது அதைத்தான்!

மொத்தமாக வாங்குகிறவர் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். டஃபன் கண்ணாடியில் மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "அப்புறமா வெட்டிக்கலாம், துளை போட்டுக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அது டஃபன் கண்ணாடியே இல்லை. டஃபன் செய்த பிறகு வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது.

கடைகளுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரிகளும் ஒரு வேலை செய்யலாம். வரியை விசாரிக்கும்போது, வாசலில் நிற்கும் கதவையும் ஒரு வார்த்தை விசாரிக்கலாம்.

சோதனைக்கூடத்தில் பத்துக் கல் உடைந்தால் நஷ்டம் கம்பெனிக்கு. அங்கே உடையாமல் விட்டது வீட்டில் உடைந்தால்? காயம் ஜனங்களுக்கு!