நகை படாமல் பூசச் சொல்லும் கிரீம்

முகக் கிரீம் டப்பாவில் ‘தங்கம், வெள்ளி நகைகள் மேல் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நகருங்கள். அப்படிப்பட்ட கிரீமில் இருக்கக்கூடிய பாதரசம் தங்கத்தோடு கலந்து அதை வெளிறச் செய்துவிடும். அதனால்தான் அந்த எச்சரிக்கை. தாலிக்கொடியில் படக்கூடாத ஒன்று கன்னத்தில் மட்டும் எப்படிப் படலாம்?

ஜொகூரின் சிகாமட் பட்டணத்திலும் லாபிஸ், பத்து அனாம் பக்கமும் பாசார் மாலாம் எனும் இரவுச்சந்தைக் கடைகளில் வெளுப்புக் கிரீம் விலைபோகிறது. கைப்பேசி நேரலையில் இன்னும் வேகமாக விலைபோகிறது. நான் கையில் வாங்கிப் பார்த்த ஒரு டப்பாவின் விலை 18 வெள்ளி. தங்க நிற மூடி, உள்ளே முத்துப்போல மினுங்கும் கெட்டிப் பசை. தயாரித்தவர் பெயரோ முகவரியோ இல்லை. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இல்லை, தொகுதி எண் இல்லை. பளபளக்கும் ஸ்டிக்கர் ஒன்றில் மட்டும் ‘லுலுஸ் கேகேஎம்’, அதாவது சுகாதார அமைச்சு அங்கீகரித்தது என்று இருந்தது. “ஏழு நாள்தான் அக்கா, கண்ணாடியில உங்களுக்கே உங்களத் தெரியாது. கேகேஎம் பாஸ் பண்ணுனது, பயப்படாதீங்க” என்றார் விற்றவர். பக்கத்தில் நின்ற இளம்பெண் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த ஸ்டிக்கரில் இருந்தது பச்சைப் பொய். மலேசியாவில் அழகுப் பொருள்கள் 1952ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டத்தின் கீழ், 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி நடத்தப்படுகின்றன. 2008 முதல், ஆசியான் நாடுகளின் பொது ஏற்பாட்டை ஒட்டி, ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனம் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு, அதாவது என்பிஆர்ஏவுக்கு, முன்கூட்டி அறிவித்தால் போதும். அதற்கு ‘நோட்’ என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் கிடைக்கும். ‘விதிப்படிதான் தயாரித்திருக்கிறேன்’ என்று விற்பவர் கொடுக்கும் உறுதிமொழிக்கான பதிவு எண் அது. அரசாங்கம் ஒவ்வொரு டப்பாவையும் சோதித்துப் பார்த்துக் கொடுத்த நற்சான்று அல்ல. பொருள் கடைக்கு வந்த பிறகுதான் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். விஷம் கலந்திருப்பது தெரிந்தால் எண்ணை ரத்து செய்து பெயரை வெளியிடுகிறார்கள். அதாவது, பிடிபடும் வரை விற்பவரின் நேர்மையை நம்பித்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. நேர்மை இல்லாதவர் நுழைந்தால் முதல் சோதனைக்கூடம் வாங்குபவரின் முகம்தான்.

என்பிஆர்ஏ வெளியிடும் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வருபவை நான்கு பெயர்கள்: பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், பீட்டாமெத்தசோன். கடைசி மூன்றும் மருந்துகள். மருத்துவர் பார்த்து, அளவு சொல்லி, கண்காணித்துக் கொடுக்க வேண்டியவை. பீட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. பூசிய சில நாளில் பரு அடங்கும், சிவப்பு மறையும், முகம் பளிச்சென்று ஆகும். நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக எரிந்து சிவக்கும். ‘கிரீமை விட்டதால்தான் இப்படி’ என்று நம்பி மறுபடி அதே கடைக்கு ஓடுவார்கள். தோல் மெலிந்து இரத்தக்குழாய் வெளியே தெரியும் வரை இது நடக்கும். ஒரே வாடிக்கையாளர் ஒன்பது டப்பா வாங்குவதை விளம்பரத்தில் ‘எங்கள் பொருளின் தரம்’ என்று காட்டுகிறார்கள்!

பாதரசம் தோலோடு நிற்பதில்லை. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் இதை ஆவணப்படுத்தினார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு, முகத்தில் பூசியதைப் பற்றி மருத்துவரிடம் சொல்லத் தோன்றுமா? பாதரசம் தலையணையிலும் துண்டிலும் தங்கி, கிரீமைத் தொடாத பிள்ளைகளையும் எட்டும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாதா உடன்படிக்கை நாடுகள் பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025க்குள் அறவே நிறுத்துவதென 2023இல் முடிவெடுத்தன. அந்த முடிவு நம் பாசார் மாலாமுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சிகாமட்காரர்களுக்கு இந்த விஷயம் புதிதாகவே இருக்கக்கூடாது. 2004 முதல் 2018 வரை இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் ச.சுப்பிரமணியம் தோல் மருத்துவர். 2013 முதல் 2018 வரை நாட்டின் சுகாதார அமைச்சரும் அவர்தான். அப்படிப்பட்ட ஊரில், தோலில் எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது என்று தமிழில் ஓர் அறிவிப்புப் பலகையைச் சந்தை வாசலில் நான் பார்த்ததில்லை. எச்சரிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் கிடக்கின்றன. கிரீம் விற்பவர் மட்டும் கொஞ்சு தமிழில் பேசுகிறார்.

விற்பவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் ‘கொஞ்சம் கலர் கம்மி’ என்று வீட்டுக்குள்ளேயே சொல்வது யார்? கைக்குழந்தையைத் தூக்கியதும் முதலில் நிறத்தை விசாரிப்பது யார்? 1975இல் இந்தியாவில் அறிமுகமான ஒரு புகழ்பெற்ற கிரீமின் பெயரில் இருந்த வெளுப்பைக் குறிக்கும் சொல்லை எடுக்க அந்த நிறுவனத்துக்கு 2020 வரை ஆனது. அவ்வளவு காலம் அந்தச் சொல் காசாக மாறியது நம் பேச்சை நம்பித்தான். ஏழு நாளில் நிறம் மாறும் என்று ஒருவன் சொல்லும்போது, ஏழு நாளில் எந்த நல்ல பொருளும் நிறத்தை மாற்றாது என்று தெரிந்தே பணத்தை நீட்டுகிறோம். அந்த இடத்தில் நம் பங்கும் இருக்கிறது.

வாங்குபவர் செய்ய வேண்டியது பெரிய வேலையும் அல்ல. பொருளின் பெயரையோ ‘நோட்’ எண்ணையோ என்பிஆர்ஏ இணையத்தளத்தில் தட்டினால் பதிவு இருக்கிறதா, ரத்தாகியிருக்கிறதா என்று தெரியும். வீட்டில் படிக்கிற பிள்ளை இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லும். ரசீது கேளுங்கள், கொடுக்க மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். முகம் கெட்டால் டப்பாவை எறிந்துவிடாமல் கிளினிக்குக் கையோடு கொண்டுபோங்கள். கொடுத்த பணத்தைக் கேட்டுப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். டில்லியில் 79 ரூபாய்க்கு ஆண்கள் கிரீம் வாங்கி, சொன்னபடி நிறம் வரவில்லை என்று 2013இல் ஒருவர் போட்ட வழக்கில், அங்குள்ள பயனீட்டாளர் ஆணையம் 2024 டிசம்பரில் அந்தக் கிரீம் நிறுவனம் 14.5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. தொகை சின்னது என்று அவர் ஒதுங்கிவிடவில்லை.

சட்டத்தில் தண்டனைக்குக் குறைவில்லை. தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும். நிறுவனத்துக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். அந்தச் சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் ஜொகூர் மருந்தக அமலாக்கப் பிரிவு, சிகாமட், லாபிஸ் பாசார் மாலாம்களில் திடீர்ச் சோதனை நடத்த வேண்டும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கட்டாயம் நடத்த வேண்டும், அப்போதுதான் சரக்கு குவிகிறது. சந்தைக்கு உரிமம் கொடுக்கும் நகராண்மைக் கழகம், பதிவில்லாத அழகுப் பொருள் விற்றால் உரிமம் போகும் என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். ரத்தான பொருள்களின் பெயர்களை மின்னல் எஃப்எம் வானொலி வாரம் ஒருமுறை தமிழில் வாசிக்கலாம், ஒரு நிமிடம் போதும். நாடாளுமன்ற உறுப்பினர் ஆர்.யுனேஸ்வரன் சுகாதார அமைச்சிடம் ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும்: சிகாமட் மருத்துவமனையிலும் அரசாங்க கிளினிக்குகளிலும், சந்தேகமான கிரீமை ஒப்படைக்க ஒரு முகப்பும், அங்கே தமிழில் எழுதிய படிவமும்.