புதிய வண்டியும் ஒரு புத்தகமும்

புத்தம் புதிய மோட்டார் சைக்கிள் ஒன்று விபத்துக்குள்ளானால், பார்த்து நிற்போர் முதலிற் கூறுவது, "ஓடியவனுடைய பிழை" என்பதே. வேகம், அவதானமின்மை, இளமைத் துடுக்கு எனக் காரணங்கள் அடுக்கப்படும். பிறேக் செவ்வனே அமைந்திருந்ததா என்று வினவுவார் அரியர். புதிய பொருளிற் குறையிராது என்பது நம்மவர் நம்பிக்கை. தவணை முறையில் வண்டி வாங்கும் இளம் ஆசிரியன் தன் உயிரையும் அந்நம்பிக்கையின் மீதே ஏற்றிச் செல்கின்றான்.

இந்நம்பிக்கையை அசைத்தது ஒரு நூல் என்பதை இலக்கிய அன்பர்க்கு நினைவூட்ட விரும்புகின்றோம். 1965ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்க வழக்கறிஞர் றால்ஃப் நேடர், எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றது என்று பொருள்படும் தலைப்பில் அந்நூலை வெளியிட்டார். அதன் முதல் அத்தியாயம் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் கோர்வெயர் என்னும் காரைப் பற்றியது. பின்புறத்தே இயந்திரம் கொண்ட அக்காரின் முன் டயர்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல், பின் டயர்களுக்கு 26 இறாத்தல் என வேறு வேறு அமுக்கம் விதிக்கப்பட்டிருந்தது. வளைவுகளில் வண்டி நிலைதவறாதிருத்தல் இவ்வெண்களையும் பொறுத்திருந்தது. சரிவைத் தடுக்கும் தண்டு 1964ஆம் ஆண்டு மாதிரியிலேயே எல்லாக் கார்களுக்கும் பொருத்தப்பட்டது. வண்டியின் அமைப்பாற் காக்கவேண்டிய உயிரைக் கைந்நூலின் இரண்டு எண்களிடம் ஒப்படைத்தல் அறமா என்பதே நூல் எழுப்பிய வினா.

கம்பனி ஆசிரியர்மீது துப்பறிவோரை ஏவியது. உண்மை வெளிப்பட்டபின், 1966 மார்ச்சில் அதன் தலைவர் செனெற் உபகுழுவின்முன் மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டு செப்டெம்பர் 9ஆம் நாள், பாதுகாப்புக் குறை கண்டால் வாங்கியோர்க்கு அறிவித்தல் உற்பத்தியாளரின் கடமை என்ற சட்டத்தில் ஜனாதிபதி ஜோன்சன் ஒப்பமிட்டார். குறையை இலவசமாய்த் திருத்திக் கொடுக்கும் கடமை 1974இற் சேர்ந்தது.

நடுநிலை பிறழாது ஒன்று கூறவேண்டும். 1972இல் அமெரிக்க அரசின் ஆய்வொன்று, கோர்வெயர் அக்காலத்து ஏனைய கார்களிலும் கேடானதன்று என முடிவு கண்டது. நேடர் அதனை ஏற்கவில்லை. ஆயினும் அவ்வாய்வை வெளியிட்ட அமைப்பே, நூலின் பயனாய்ப் பிறந்த சட்டத்தின் வழி வந்ததாகும். தன்னையே சோதிக்கவல்ல நீதியை உண்டாக்கிய எழுத்து தோற்றதெனல் தகாது. சாரதியின் பொறுப்பும் இதனாற் குறைந்துவிடவில்லை. உற்பத்தியாளனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே நிலைநாட்டப்பட்டது.

இனி நம் நிலையை நோக்குவோம். நம் நாட்டில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் உண்டு; 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் உண்டு. எனினும், தனக்கு விளங்காத எச்சரிக்கையால் எவர்க்கும் பயனில்லை. ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட கைந்நூலைப் பெற்றுச் செல்லும் தமிழ் இளைஞன், டயரின் அமுக்கத்தையோ பிறேக் எண்ணெய் மாற்றும் காலத்தையோ எங்ஙனம் அறிவான்? உலகின் வேறொரு பாகத்தில் அவ்வகை வண்டி திருப்பி அழைக்கப்பட்டால், அச்செய்தி அவனை எட்டுவது எவ்வாறு?

வண்டி விற்போர் கைந்நூலையும் குறை அறிவித்தலையும் வாங்குவோரின் மொழியிற் கொடுத்தல் வேண்டும். அதனை அரசு கட்டாயமாக்குதல் வேண்டும். எழுத்தாளர்க்கும் ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. கதையும் கவிதையும் மட்டுமே இலக்கியப் பணி என்று கருதியிருத்தல் போதாது. ஒரு பொறியின் இயல்பை ஐயந்திரிபறத் தமிழில் எழுதிக் காட்டுதலும் உயரிய உரைநடைத் தொண்டே. மாணவர்க்கு அத்தகைய உரைநடையிற் பயிற்சி அளிக்க நம் பாடசாலைகள் முன்வருமாக.